தீர்மானம் எண் ஏழு

கிராம சபை பத்தரை மணிக்கு என்று
நோட்டீஸ் ஒட்டியது நான்தான்.
பன்னிரண்டு ஆகியும் கூடத்துக்குள்
மூடுபனி மட்டும் கோரத்துக்கு மேல் இருந்தது.

கொம்பஞ்சேடு ஊராட்சி. ஏழு குக்கிராமம்.
சேலத்துக்கு ஒரே பஸ்,
அதுவும் பத்தாவது கொண்டை ஊசியில்
யாராவது வாந்தி எடுக்க நிற்கும்.
இதற்கெல்லாம் மினிட் புத்தகத்தில் காலம் கிடையாது.

ஆலோசகர் சென்னையிலிருந்து வந்திருந்தார்.
திரை இல்லை, சுவரில் காட்டினார்.
காரை பெயர்ந்த இடத்தில்
எங்கள் தொங்கட்டான் பாறை தோன்றியது
கண்ணாடித் தரையோடு.
கண்ணாடி மேல் தொப்பி போட்ட ஒரு குடும்பம்.
யார் இவங்க, என்றார் சடையன்.
மாதிரிதான், என்றார் ஆலோசகர்.
மாதிரிக் குடும்பத்தின் காலுக்குக் கீழே, நிஜமாக,
சடையனுடைய மாடு மேய்ந்துகொண்டிருந்தது.
சிரித்தோம். அவரும் சிரித்தார்,
எதற்கென்று தெரியாமல்.

வருடத்துக்கு ஒரு லட்சம் வண்டி வருமாம்.
சுற்றுலாக் குழுமம் ஒன்று அமையுமாம். கட்டணம் அதற்கு,
குப்பை ஊராட்சிக்கு.
குழுமத்தில் எங்களுக்கும் ஓர் இடம் உண்டு:
பார்வையாளர்.
பாறையில் ஏறி நின்று
கீழே சேலம் வளர்வதைப் பார்த்தே வயதானவர்களுக்கு
அந்தப் பதவி புதிதில்லை.

தலைவர் வரதாயி. நாற்காலியில் அவர் கணவர்.
'தீர்மானம் எண் ஏழு' என்று வாசித்தேன்.
இருபத்திரண்டு வருடமாக இதற்கு ஒரே வாக்கியம்:
விவாதித்து ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது.
கை வலிக்கிறதென்று ரப்பர் ஸ்டாம்பே செய்துவிட்டேன்,
செவ்வாய்பேட்டையில், நூற்று நாற்பது ரூபாய்.
சில நாள் விவாதம் தொடங்கும் முன்பே
மை காய்ந்துவிடும்.

மூன்றாவது வார்டு உண்ணாமலை எழுந்தார்.
"கக்கூஸ் எத்தனை?"
இருபத்து நான்கு, என்று ஆலோசகர் உற்சாகமானார்.
"தண்ணி?"
படம் மாறியது.
படத்தில் தண்ணீர் ஊதாக் கோடாக
மேல்நிலைத் தொட்டியிலிருந்து பாறைக்கு ஓடியது,
வளைவே இல்லாமல்.
"அது எங்க தொட்டிங்க.
மூணு நாளைக்கு ஒருக்கா, வீட்டுக்கு ஆறு குடம்.
உங்க கோடு எங்க தெருவுல தான போவுது,
போற வழியில செத்த நிக்குமா?"

யாரும் கைதட்டவில்லை.
தகரத்தில் மழை இறங்கியது, கரண்ட் போனது.
பாறை சுவரைவிட்டு
ஜன்னலுக்கு வெளியே தன் இடத்துக்குத் திரும்பியது,
ஈரமாக, தரையில்லாமல்.

இருட்டில் ஒரு குரல்: "நீ எந்திரி."
நாற்காலி இழுபடும் சத்தம்.
வெளிச்சம் வந்தபோது
வரதாயி உட்கார்ந்திருந்தார்.
கணவர் சுவரோரம், மாட்டியிருந்த காலண்டரில்
மும்முரமாகத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார்.

கை தூக்கச் சொன்னார். எண்ணினேன்.
ஒத்திவைக்க நாற்பத்தொன்று.
இன்றைக்கே வேண்டும் என்று பதினெட்டு.
பதினெட்டில் ஒருவன் பூவேந்தன்,
ஜீப்புக்கு இன்னும் முப்பது தவணை பாக்கி.
"தண்ணி வர்ற வரைக்கும்
பேங்க்காரன் காத்திருப்பானா?" என்று
என்னைப் பார்த்துக் கேட்டான்.
நான் செயலர். எனக்கு ஓட்டு கிடையாது,
பதிலும் கிடையாது என்று வைத்துக்கொண்டேன்.

ஆலோசகர் இறங்கும் முன் பாறைக்குப் போனார்.
மழை விட்டு, கீழே சேலத்தில் விளக்கு ஏறும் நேரம்.
போனில் நாலைந்து படம் எடுத்தார்.
கட்டணம் வாங்க அங்கே யாரும் இல்லை.

நான் பூட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.
ஸ்டாம்பை எடுத்தேன், டப்பாவில் போட்டேன்.
பேனா கிறுக்கிக் கிறுக்கித்தான் எழுதியது.
நாற்பத்தொன்று, பதினெட்டு,
மூன்றாம் வார்டு உறுப்பினர் கேட்ட கேள்வி, முழுதாக.
கடைசியில்
'ஒத்திவைக்கப்பட்டது' என்ற இடத்தில்
எத்தனை ஒற்று வரும் என்று
கொஞ்ச நேரம் சந்தேகம்.